மே மாதத்தில் இராமநாதபுரம் கடற்கரை: கச்சான் அடிக்கும்போது எந்தக் கரை?

கேள்வி: நாங்கள் மதுரை. குடும்பத்தில் எட்டுப் பேர். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. மாமியாருக்கு அறுபத்தெட்டு; சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார், மூட்டு வலியும் உண்டு. போன முறை ஒரே நாளில் இருபத்திரண்டு தீர்த்தம், தனுஷ்கோடி, பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் என்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்துவிட்டோம். இந்த முறை மே இரண்டாம் வாரத்தில், எங்கேயும் ஓடாமல், கடற்கரையில் ஒரு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர ஆசை. எந்தக் கடற்கரைக்குப் போகலாம்? தனுஷ்கோடியில் குளிக்கலாமா? பிள்ளைகள் காற்றடித்த வாத்து மிதவை கேட்கிறார்கள், வாங்கலாமா? மாமியாருக்கு அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டுமாம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சுற்றுவதைக் குறைக்க நீங்கள் எடுத்த முடிவு சரியானது. இன்னும் ஒரு படி மேலே போய், கோயிலையும் கடலையும் ஒரே நாளில் வைக்காதீர்கள் என்று சொல்வேன். முழுக்கு மறுநாள் காலையில் இருக்கட்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கரை என்று பார்ப்போம். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபத்தை நெருங்க நெருங்க நிலம் ஒடுங்கி, ஒரு கடலில் இருந்து இன்னொரு கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்று ஆகிவிடும். அமைதியாகக் கிடக்கும் வடபுறத்தைப் பெண் கடல் என்றும், அலையடிக்கும் தென்புறத்தை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆனால் வருடம் முழுக்க இதை நம்பி இறங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது வடபுறம்தான் கலங்கிக் கொந்தளிக்கும். நீங்கள் போகிற மே மாதத்தில் காற்று தெற்கிலும் மேற்கிலும் இருந்து வரும், அதாவது கச்சான் தொடங்கும் காலம். அப்போது மன்னார் வளைகுடா பக்கம் அலை உயர்ந்திருக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம்போல் கிடக்கும். ஆகவே சேதுக்கரை, வாலிநோக்கம் போன்ற தென்கரை ஊர்களைத் தை, மாசிக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த முறை அரியமானுக்குப் போங்கள். இராமநாதபுரத்தில் இருந்து இராமேஸ்வரம் போகும் சாலையில் உச்சிப்புளி வந்ததும் வடக்கே திரும்பினால் சில கிலோமீட்டர்தான். கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்பு உண்டு. ஆழமும் சட்டென்று இறங்காது. சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நடுவில் போங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. காலையில் எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்கள் என்று முதல் நாள் மாலையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைதியிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது, உங்கள் வாத்து மிதவைக்கான பதிலும் அதில்தான். அரியமான் வடக்குப் பார்த்த கரை. மே மாதக் காற்று உங்கள் முதுகுக்குப் பின்னால், தரையில் இருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலை எழாததற்கு அதுவே காரணம். அதே காற்று, மிதக்கிற எதையும் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். காற்றடைத்த மிதவையின் அடிப்பாகம் தண்ணீரில் கொஞ்சம்தான் பதிந்திருக்கும், மீதியெல்லாம் மேலே நிற்கும். பாய் விரித்த படகு மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆள் நடக்கிற வேகத்தில் நகரத் தொடங்கினாலும், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் அப்பாவால் அந்த வேகத்துக்கு எட்டிப் பிடிக்க முடியாது, தண்ணீர் காலைப் பின்னுக்கு இழுக்கும். பிள்ளை பயந்து மிதவையை விட்டு இறங்கினால் அங்கே கால் எட்டாது. அதனால் வாத்து, வளையம், லாரி டியூப் எதுவும் கடலுக்கு வேண்டாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் மணலில் வைத்துத் தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள், நான்கு வயதுக் குழந்தைக்கு அதுவே பெரிய விளையாட்டு. பந்து உள்ளே போனாலும் துரத்தக் கூடாது என்று இரு பிள்ளைகளுக்கும் காரில் வரும்போதே சொல்லிவிடுங்கள். பந்து போனால் போகட்டும்.

மிதவைக்குப் பதில் உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு உள்ளே அச்சிட்டிருக்கும். சிறியவளுக்குத் தொடைகளுக்கு நடுவே வந்து மாட்டுகிற வார் கட்டாயம் இருக்க வேண்டும். போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் அது அவளுக்குப் பெரியது, தண்ணீரில் முகத்தை மூடிவிடும்.

தனுஷ்கோடியில் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. நீச்சல் தெரிந்தவர்களும் கூடாது. அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கின்றன. இராமர் பாலம் என்று சொல்லும் மணல் திட்டுகளுக்கு இடையே புகுந்து வரும் நீரோட்டம், காற்றுக்கும் ஏற்றவற்றத்துக்கும் ஏற்பத் திசை மாறும். கரை செங்குத்தாக இறங்குவதால் முழங்கால் அளவில் நிற்பவர் அடுத்த இரண்டடியில் ஆள் ஆழத்தில் இருப்பார். காலுக்கடியில் இருக்கிற மணலையே அலை அரித்துக்கொண்டு போகும். 1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோன பிறகு அந்த முனை இன்னும் உருமாறிக்கொண்டேதான் இருக்கிறது. போன வருடம் மேடாக இருந்த இடம் இந்த வருடம் பள்ளமாக இருக்கலாம். போய்ப் பார்க்கலாம், கால் நனைக்கக்கூட அலை ஏறி இறங்கும் விளிம்புக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். நிழலும் கிடையாது. மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிட்டால் ஒன்றும் குறையாது.

இனி நாளை எப்படி வகுப்பது? அக்னி நட்சத்திர காலம் என்பதால் காலை ஒன்பதரைக்கும் மாலை நான்குக்கும் நடுவே யாரும் மணலில் இருக்கக் கூடாது. மதுரையில் இருந்து அன்றே விடிகாலையில் கிளம்பினால் வண்டி ஓட்டுகிறவர் தூக்கக் கலக்கத்தோடு வருவார், அவர்தான் பிள்ளைகளுக்குக் காவலும் நிற்க வேண்டியிருக்கும். முதல் நாள் மாலையே இராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ தங்கிவிடுங்கள். அறை தரைத்தளத்தில், மேல்நாட்டுக் கழிப்பறையோடு இருக்கட்டும், அந்த அறையையே மறுநாள் மதியத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாதி நாள் வாடகை கூடுதலாக ஆகும். ஆனால் மாமியாருக்கு அந்த நாள் இனிக்குமா கசக்குமா என்பதை அந்த மதிய அறைதான் தீர்மானிக்கும். சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும். அந்த வெளிச்சத்தில் கரையில் இருங்கள், எட்டரை வரை குளியல், பிறகு தோப்பில் இட்லி, ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுத் தூக்கம். மாலை நான்கரைக்கு மறுபடி அதே கரை, அல்லது பாம்பன் பாலத்தைக் கடந்து குந்துகால். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் அது, நினைவு மண்டபம் இருக்கிறது. போகிற வழியில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைச் சாலைப் பாலத்தில் இருந்தே பிள்ளைகள் பார்க்கலாம். வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்த வேண்டாம்.

தண்ணீரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் பெரிய குடும்பங்கள்தான் அதிகம் தவறுகின்றன. எட்டுப் பேர் இருக்கும்போது, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எட்டுப் பேரும் நினைத்துக்கொள்வார்கள். ஒரு தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் காவல். கையில் போன் கிடையாது, பேச்சுக் கச்சேரி கிடையாது, பார்வை தண்ணீரை விட்டு விலகக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொப்பியை அடுத்தவர் தலையில் வைத்து, "இனி நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். சிறியவள் முழங்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது, எப்போதும் ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். மகனுக்கு இடுப்பளவு. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்க, தலை பின்னால் சாய்ந்து, நெட்டுக்குத்தாக நிற்கும். பார்ப்பதற்கு விளையாடுவது போலவே இருக்கும். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே போய்த் தூக்குங்கள்.

பெண்கள் புடவையோடு இறங்குவது வழக்கம்தான். ஈரப் புடவை காலைச் சுற்றிக்கொண்டால் அரையடி அலைகூட ஆளைச் சாய்த்துவிடும். துப்பட்டாவும் அப்படியே. லெகின்ஸும் கெட்டித் துணி டி-ஷர்ட்டும் போதும். வெயிலுக்கும் அடர்நிறத் துணிதான் நல்லது, வெள்ளைப் பருத்தி நனைந்தால் வெயிலை அப்படியே உள்ளே விட்டுவிடும். ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மது அருந்தியவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, காவல் தொப்பியும் அவருக்குக் கிடையாது.

யாராவது தத்தளித்தால் கூட ஒருவர் குதித்து இரண்டு பேராக மூழ்குவதைத் தடுக்க, வீட்டிலேயே ஒன்று செய்து எடுத்து வாருங்கள். கைப்பிடியும் இறுக்கமான மூடியும் உள்ள காலி ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். கேன் வெறுமையாக இருந்தால் எறியும்போது காற்றில் திசை தப்பும், அந்தத் தண்ணீரின் கனம் அதைப் போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும். கைப்பிடியில் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு கட்டி, மறுமுனையில் ஒரு சுருக்கு. ஆளைத் தாண்டி எறிந்து, கயிறு அவர் கைக்கு வரும்படி இழுக்க வேண்டும். தோப்பு மைதானத்தில் மகனோடு நாலைந்து முறை எறிந்து பழகுங்கள், அவனும் கற்றுக்கொள்ளட்டும். கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது, உள்ளே போன உணவு மூச்சுக்குழாயில் ஏறிவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு முப்பது முறை மார்பை அழுத்தி இரண்டு முறை மூச்சு என்று 108 வரும் வரை விடாமல் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வரும். கடலில் சிக்கியவர்களுக்குக் கடலோரக் காவல் குழும எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554.

கடலுக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல், தரையைத் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். திருக்கை மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். மிதித்தால் முள்ளால் அடிக்கும், தேய்த்தால் அதிர்வு கேட்டு விலகிப் போகும். முள் பட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அரை மணிக்கு மேல் வைத்தால் வலி அடங்கும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். சூட்டை அடிபடாத காலில் முதலில் சோதித்துப் பாருங்கள். சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் கடல்நீரால் மட்டுமே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும், ஒட்டியிருக்கும் இழைகளில் வெடிக்காமல் மிச்சமிருக்கும் நச்சு முட்களையும் கிளப்பிவிடும். இழைகளை இடுக்கியால் மெல்ல எடுத்துவிட்டு வெந்நீர் வைக்கலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது. இதற்காகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் எடுத்து வாருங்கள். அன்று காலை வலை இழுத்து வந்த மீனவர்களிடம், "அண்ணே, சொறி கிடக்கா?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள். கரையில் கரும்பச்சையாக ஒதுங்கிக் கிடப்பது குப்பை இல்லை, கடல்புல். பிள்ளைகள் அருவருக்க வேண்டியதில்லை. பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்கவும் வாங்கவும் வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும்.

மாமியாருக்கு முதல் கவனம் பாதம். பல வருடச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கியிருக்கும். மணல் சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். மூடிய செருப்பு அல்லது கேன்வாஸ் ஷூவோடுதான் மணலிலும் தண்ணீரிலும் நடக்க வேண்டும். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். இன்சுலினை நிறுத்தி வைத்த காரில் விடாதீர்கள், மே வெயிலில் கெட்டுவிடும். ஐஸ் மேல் நேராகவும் வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும். துண்டில் சுற்றி ஐஸ் பையில் இருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். ஊசி போட்டுவிட்டு உடனே வெயிலில் நடந்தால் மருந்து சீக்கிரம் ஏறிச் சர்க்கரை இறங்கும். நடுக்கம், வியர்வை, பேச்சில் குழப்பம் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, பிறகு சாப்பிட வையுங்கள். உட்கார்வதற்குக் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி நல்லதுதான். ஆனால் மணலில் ஒரு கால் புதைந்து ஆள் சாய்வார். நாற்காலியின் நான்கு காலும் நிற்கிற அளவுக்கு, இரண்டடிச் சதுரத்தில் ஒரு பிளைவுட் பலகையை அடியில் போடுங்கள்.

சவுக்கு நிழல் சல்லடை நிழல், அது மட்டும் போதாது. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடித் தார்ப்பாய் ஒன்று வேண்டும். மரம் கிடைக்காத பக்கம் முளை அடித்தால் மணல் பிடிக்காது. ஐந்து கிலோ அரிசிப் பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, பையின் நடுவே கயிற்றைச் சுற்றி ஒன்றரை அடிக் குழியில் புதைத்து மிதித்துவிடுங்கள். கச்சான் இழுத்தாலும் அசையாது. காற்று வருகிற தெற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். அடுப்பு மூட்ட வேண்டாம், காய்ந்த சவுக்குச் சருகு பட்டென்று பற்றும்.

குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதாவது எட்டுப் பேருக்கு ஒரு இருபது லிட்டர் கேனும் ஒரு ஐந்து லிட்டர் கேனும். கடலோரத்தில் பல இடங்களில் ஊற்று உப்பாக இருக்கும், கால் கழுவ இன்னொரு கேன் தனியாக. காலைக்கு இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். தேங்காய்ச் சட்னி வேண்டாம், பத்து மணிக்கெல்லாம் ஊசிவிடும். தயிர் சாதம் என்றால் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குப் பதமாக இருக்கும். வழியில் நுங்கு கிடைக்கும் காலம், அதைவிட நல்ல தின்பண்டம் பிள்ளைகளுக்கு இல்லை.

மீனைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் வரும், குறைவாகவும் விலை கூடவும் இருக்கும், ஆனால் அன்றைய மீனாக இருக்கும். ஓட்டலில் அடுக்கி வைத்த பெரிய துண்டுகள் ஐஸ் பெட்டிச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். முழு மீனாகக் காட்டச் சொல்லி, செவுள் சிவந்து கண் தெளிந்திருந்தால் மட்டும் பொரிக்கச் சொல்லுங்கள். சூரை, கானாங்கெளுத்தி இரண்டையும் வெயிலில் வைத்திருந்தால் உண்டாகும் நச்சு எண்ணெயில் பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தடிப்பு வரும்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு விஷயம் பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்றும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்றும். கள்ளக்கடல் என்பது எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த காற்றால் எழுந்து வரும் அலை. இங்கே வானம் தெளிந்து காற்றே இல்லாதபோதும் திடீரென்று ஏறும். இரண்டில் எது இருந்தாலும் கடலில் இறங்க வேண்டாம். எச்சரிக்கை இல்லாமல் வெறும் காற்று மட்டும் அதிகம் என்றால், தொண்டிச் சாலையில் உள்ள காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வரலாம். அன்று படகு விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி முழுக்கு. அக்னி தீர்த்தம் அமைதியான கடல்தான், ஆனால் படியில் பாசி வழுக்கும், கூட்டம் தள்ளும். மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள், அமாவாசையாக இருந்தால் நாளை மாற்றுங்கள். வெறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு போகக் கூடாது. எந்த வேளை மருந்தை எப்போது என்று அவருடைய மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கேன்வாஸ் ஷூவோடு, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் ஆழம் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். மூட்டை மடக்கி முங்குவது அவருக்குக் கடினம். அங்கே நின்றபடியே ஒரு செம்பால் மூன்று முறை தலையில் ஊற்றிவிடுங்கள். ஈரத்தோடு இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் நடக்க வைக்காமல், உலர்ந்த உடை மாற்றி, இரண்டு இட்லி சாப்பிட வைத்து, பிறகு கோயிலில் தரிசனம் மட்டும் செய்துவிட்டு மதுரைக்குக் கிளம்புங்கள்.